எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம்

கை தட்டினார்கள். அதைத்தான் இந்திராணியால் பொறுக்க முடியவில்லை. மற்றதையெல்லாம் எப்படியோ விழுங்கிவிடலாம். காசிராஜனின் இளிப்பை, ஜெசிந்தா டீச்சர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனதை, திரும்பி வரும்போது சக்கர நாற்காலி வழி நெடுகக் கிறீச்சிட்டுக்கொண்டே வந்ததை. ஆனால் அந்தக் கைதட்டல் நேற்றுச் சாயங்காலத்திலிருந்து காதுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. ஓஸின் வாயைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தாள். தண்ணீர் விசிறியாக விரிந்து செம்மண்ணில் விழுந்தது, விழுந்த இடத்தில் புழுதி ஒரு விரல் உயரம் எழும்பி அடங்கியது. பங்குனி வெயில் சாய ஆரம்பித்திருந்தாலும் மண்ணின் சூடு செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் ஏறியது. எங்கேயோ இரண்டு தெரு தள்ளித் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, தடக் தடக் தடக் என்று, அதுவும் கைதட்டல் மாதிரியே கேட்டது. வலை கட்டுகிற கம்பத்திலிருந்து ஆரம்பித்துப் பின்னால் நடந்துகொண்டே தெளிக்க வேண்டும், நனைத்த இடத்தில் கால் படக் கூடாது, மண் கறுக்க வேண்டும், ஆனால் மினுங்கக் கூடாது, மினுங்கினால் தண்ணீர் கூடிப்போயிற்று என்று அர்த்தம், ஆடுகிறவன் வழுக்கி விழுவான். விழட்டுமே. இன்றைக்கு ஒருத்தன் விழுந்தால்தான் என்ன? இப்படி நினைத்ததும் கை தன்பாட்டுக்கு விசிறியை மெல்லியதாக்கிக்கொண்டது. பாழாய்ப்போன கை. கோபம் எவ்வளவு இருந்தாலும் அதற்கு வேலையை ஒழுங்காகத்தான் செய்யத் தெரிகிறது.

அவருடைய கையும் அப்படித்தான் போல. வலது கை. ஆவணியில் ஒரு நாள் காலையில் இதே கோர்ட்டில் ரோலர் இழுத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் ரத்தினவேல் சடாரென்று உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார், வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் உயிரைத்தான் திருப்பிக் கொடுத்தார்கள், கையைக் கொடுக்கவில்லை. கையை இவள்தான் கொண்டுவந்தாள். பிசியோ பையன் வாரம் ஒரு தரம் வந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவான், மிச்ச நாளெல்லாம் இவள்தான். விரலை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுவது, தைலம் தேய்ப்பது, ரப்பர் பந்தைத் திணித்து அமுக்கச் சொல்வது, கதவு நிலையில் கப்பி மாட்டிக் கயிற்றின் ஒரு முனையை நல்ல கையிலும் மறுமுனையை விழுந்த கையிலும் கொடுத்து இழுங்க இழுங்க என்று தொண்டை வறளக் கத்துவது, சுவரில் விரல்களை நண்டு மாதிரி ஏறவிட்டு எட்டிய இடத்தில் கரியால் ஒரு கோடு போடுவது. கரிக்கோடுகள் இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு வந்தன, நெஞ்சிலிருந்து தோளுக்கு வந்தன, தோளில் நின்றுவிட்டன. இதுக்கு மேல கஷ்டம்மா, இது வந்ததே பெருசு என்றான் பிசியோ பையன். இவள் விடவில்லை. கண்ணாடி பார்த்துத் தலை சீவக் கை எட்டினால் போதும் எனக்கு, என்பாள். அவர் அழுவார். பக்கவாதக்காரர்களுக்குச் சும்மாவே அழுகை வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், சிரிப்பும் வரும், அர்த்தமே இல்லாமல். ஆனால் புரிந்துகொள்வதில் ஒரு குறையும் இல்லை, சொல்வது எல்லாம் விளங்கும், பதில்தான் வராது என்றும் அதே டாக்டர்தான் சொன்னார். எல்லாம் விளங்கும். அதுதான். அதில்தான் வந்து இடிக்கிறது. எல்லாம் விளங்கும் என்றால் தெரிந்துதான் தூக்கினாரா?

தெரியாமல் தூக்கியிருக்கலாம். நேற்றுக் கூட்டத்தில் நடந்ததை இரண்டாவது தரம் யோசித்துப் பார்த்தாள், நூறாவது தரமாகவும் இருக்கலாம். முல்லை பூப்பந்துக் கழகத்தின் கூட்டம் என்றால் தகரக் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்து பஜ்ஜி தின்பதுதான். வரப்போகும் போட்டிக்கு யார் சாமியானா, யார் மைக்செட், யார் சாப்பாடு என்று பேசி முடித்துவிட்டுக் கடைசியில்தான் ஜெசிந்தா டீச்சரின் விஷயத்தை எடுத்தார்கள். காலையில் ஆறிலிருந்து ஏழு வரைக்கும் ஆண்கள் யாரும் ஆடுவதில்லை, அந்த ஒரு மணி நேரத்தைப் பெண்களுக்குக் கொடுங்கள் என்று டீச்சர் கேட்டிருந்தார். பக்கத்துத் தெருக்களில் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்திருந்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிலரும். காசிராஜன் செயலாளர், பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன், கர்ச்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு நல்ல யோசனைதான் டீச்சர் ஆனா லேடீஸுக்குன்னு தனியா பாத்ரூம் கிடையாது, சுத்தி வெளியாளுக நடமாட்டம், நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா கழகத்துப் பேருதான கெடும் என்றான். அப்போதுதான் இவள் எழுந்தாள். அவருடைய சக்கர நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தவள் எழுந்தாள் என்பதுகூடத் தப்பு, ஒரு எட்டு முன்னால் வந்தாள். இத்தனை வருஷத்தில் அந்தக் கூரைக்குக் கீழே அவள் டீக்கேனை இறக்கிவைக்கத்தான் வாய் திறந்திருக்கிறாள். பாத்ரூமுக்கு எங்க வீட்டுக்கு வரட்டும், சுவருக்கு அந்தப் பக்கம்தான இருக்கு, நான் கூடவே நிக்கிறேன் என்றாள். அப்புறம், நானும் ஆடுவேன் என்றாள். அதைச் சொன்னபோது குரல் ஏனோ சிறுபிள்ளைக் குரல் மாதிரி வந்துவிட்டது. யாரோ சிரித்தான். ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் தலைவர். நாலு கை. சின்ன வயசுப் பையன்கள் மூன்று பேர், தபால் ஆபீஸ் மாரியப்பன் ஒருத்தர். எதிர்ப்பவர்கள் கை தூக்கலாம். யாரும் தூக்கவில்லை. ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்த்தான், இவள் முகத்துக்கு நேரே தூக்க யாருக்கும் தைரியம் வரவில்லை, நேற்றைக்கும் அவள் போட்ட டீயைத்தானே குடித்திருந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவளுக்கு வயிற்றுக்குள் ஏதோ துள்ளியது. அப்போது நாற்காலியிலிருந்து அந்தக் கை எழும்பியது. தொடையிலிருந்து நெஞ்சுக்கு. நெஞ்சிலிருந்து தோளுக்கு. தோளில் நின்று நடுங்கி, நிற்காமல், காதைத் தாண்டி, தலையைத் தாண்டி. அவளே வாயைப் பொத்திக்கொண்டாள், ஐயோ தூக்கிட்டாரு, தூக்கிட்டாருங்க என்று அவள்தான் முதலில் கத்தினாள், கண்ணில் பொலபொலவென்று வந்துவிட்டது. மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று தட்டியது. அண்ணே, அண்ணே என்று தோளைப் பிடித்துக் குலுக்கினார்கள். அண்ணனே சொல்லிட்டாரு, அப்புறம் என்ன என்று காசிராஜன் சொன்னது அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் கேட்டது. அத்தோடு ஆதரித்துத் தூக்கிய நாலு கையும் செல்லாமல் போயிற்று. அப்போதுதான் அது எந்தக் கேள்விக்குத் தூக்கிய கை என்று அவளுக்கு உறைத்தது. உறைத்தபோதும் அவளுடைய கைகள் தட்டிக்கொண்டிருந்தன. அவளும் தட்டினாள். நினைக்க நினைக்க உடம்பு பற்றி எரிவது அதனால்தான்.

பின்கோடு வரைக்கும் வந்துவிட்டாள். திரும்பி அடுத்த பாதியை ஆரம்பிக்க வேண்டும். ஓஸ் ரோலரின் கைப்பிடியில் சிக்கிக்கொண்டு இழுபட்டது, எரிச்சலோடு வெடுக்கென்று இழுத்ததில் சேலை நனைந்தது. ரோலரை இழுக்க இரண்டு ஆள் வேண்டும், இப்போது பையன்கள் வந்து இழுக்கிறார்கள், வராத நாளில் அவளே இழுப்பாள், இடுப்பு கழன்றுபோகும். அவர் விழுவதற்கு முன்னாலும் தண்ணீர் அவள் வீட்டுத் தண்ணீர்தான். கோர்ட்டு நகராட்சிப் புறம்போக்கு, கழகத்துக்கென்று ஒரு குழாய்கூடக் கிடையாது, ஆரம்பித்த நாளிலிருந்து சுவருக்கு மேலே ஓஸைப் போட்டு இவர்கள் வீட்டுப் போர்வெல்லிலிருந்துதான் போகிறது. அவர் மில்லில் வேலை பார்த்த காலத்தில் ஷிப்டு முடிந்து வந்ததும் சாப்பிடக்கூட மாட்டார், நேரே கிரவுண்டுக்கு. கல் பொறுக்குவார், மேடு செதுக்குவார், சுண்ணாம்புக் கோடு போடுவார். ஷிப்டு மாறின நாளில் இவளைத் தெளிக்கச் சொல்வார். இந்திரா, கொஞ்சம் தெளிச்சு விட்டுரு, பசங்க அஞ்சு மணிக்கு வந்துருவானுக. பசங்க. மகன் பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அம்மா வீட்டிலிருந்து வந்திருந்தவர்கள் திட்டத் திட்ட இவள் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று வாளியால் எடுத்து ஊற்றினாள், அன்றைக்கு மோட்டார் ரிப்பேர். வற்றிப்போன கோடைகளில் சமையலுக்குத் தெருக்குழாயில் வரிசையில் நின்று பிடித்திருக்கிறாள், போரில் ஊறுவதைக் கிரவுண்டுக்கு விட்டிருக்கிறாள். ஏன் விட்டாய்? யார் விடச் சொன்னது? எதற்கு விட்டாய், மூதேவி என்று தன்னையே கேட்டாள். அந்தப் பந்துச் சத்தத்துக்கு. அதுதான் உண்மை, அதை யாரிடமும் சொல்ல முடியாது. மஞ்சள் கம்பளிப் பந்து பேட்டில் பட்டு வருகிற அந்தச் சத்தம் டொப் என்றும் கேட்காது, டக் என்றும் கேட்காது, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அடுப்படியில் நின்று கேட்டே அவளால் சொல்லிவிட முடியும், இது வெட்டின அடி, இது தூக்கின அடி, இது நரம்பு தளர்ந்த பேட், இவன் இன்றைக்குச் சரியில்லை, இந்தப் பந்து வலையில்தான் மாட்டும். மாட்டும். புளியைக் கரைத்துக்கொண்டே மணிக்கட்டு தானாகத் திரும்பும்.

மதுரையில் காலேஜில் படிக்கும்போது அவள் நடுவில் நின்று ஆடுவாள். ஐந்து பேர் ஆட்டத்தில் நடுவில் நிற்கிறவளுக்கு ஓய்வே கிடையாது, முன்னால் விழுந்தாலும் அவள், பின்னால் போனாலும் அவள். பாவாடைக்குக் கீழே பேன்ட் போட்டுக்கொண்டு ஆடிய காலம் அது. கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டிக்குக் கோட்டோரம் உட்கார்ந்து பந்து உள்ளேயா வெளியேயா என்று கொடி காட்ட வெளியூரிலிருந்து நாலைந்து ஆண்களைக் கூட்டி வந்திருந்தார்கள், அதில் ஒருத்தர் ரத்தினவேல். ஒல்லியாக, பெரிய காலர் வைத்த சட்டையோடு. அவளுடைய அடி ஒன்று கோட்டில் பட்டும் படாமலும் விழுந்தது. வெளியே என்று எதிர்த் தரப்பு மொத்தமும் கத்தியது, அவர் அசையாமல் உள்ளே என்று காட்டினார். உள்ளேதான். சுண்ணாம்பு பறந்ததை அவளும் பார்த்தாள். அந்த ஒரு கை காட்டலுக்காகத்தான் பெண் கேட்டு வந்தபோது தலையை ஆட்டினாள் என்றுகூடச் சொல்லலாம், அத்தனை பேர் கத்தியும் கண்ணால் கண்டதைச் சொல்கிற ஆள் என்று. அதே ஆள். கல்யாணத்தன்று சொந்தக்காரர்களிடம் எல்லாம் யுனிவர்சிட்டி பிளேயர் தெரியுமா என்று பெருமை. அப்புறம்? அப்புறம் கொஞ்ச நாள் போகட்டும். அம்மா ஒரு மாதிரி நினைப்பாங்க, கொஞ்ச நாள் போகட்டும். இப்ப உண்டாயிருக்க, கொஞ்ச நாள் போகட்டும். பையன் கொஞ்சம் வளரட்டும். பசங்க மட்டும் ஆடுற இடம் இந்திரா, நீ வந்து நின்னா அவனுகளுக்குச் சங்கடம். ஒரு தரம்கூட அடித்ததில்லை, அதட்டியதில்லை, சாப்பாட்டைக் குறை சொன்னதில்லை, தங்கமான மனுஷன் என்று தெருவே சொல்லும், அந்தத் தங்கமான குரலில்தான் கொஞ்ச நாள் கொஞ்ச நாள் என்று அவளுடைய முப்பது வருஷத்தைத் தள்ளிவைத்தார். கத்தியிருந்தால் இவளும் கத்தியிருப்பாள். சண்டை போடக்கூட வழியில்லாமல் செய்தவன் நல்லவனா? அந்தக் கை தோளோடு நின்றிருக்கலாம் என்று நினைத்தாள். வராமலே போயிருந்தாலும். நினைத்ததும் திடுக்கென்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஜன்னலைப் பார்த்தாள். கம்பிக்குப் பின்னால் அவர் உட்கார்ந்திருந்தார், எப்போதும் போல, சாயங்கால ஆட்டத்துக்கு இப்போதே தயாராக. அவருக்கு இருக்கிறது அது ஒன்றுதான், ஜன்னலும் இந்தக் கோர்ட்டும், ஐந்து மணியானால் முகத்தில் வருகிற அந்த வெளிச்சமும். அதற்காகத்தான் இன்றைக்கும் ஓஸை எடுத்துக்கொண்டு வந்தாள். வராமல் இருக்க முடியவில்லை என்பதே பெரிய அவமானமாக இருந்தது.

காசிராஜன் சைக்கிளில் சுண்ணாம்பு மூட்டையோடு வந்து இறங்கினான். வரும்போதே சிரிப்பு.

“அண்ணி, எனக்கு நேத்து ராத்திரி தூக்கமே இல்ல தெரியுமா? அந்தக் கை அப்படியே மேல போச்சு பாருங்க, கண்ணு கலங்கிருச்சு. எல்லாம் உங்க உழைப்பு.”

அவள் ஓஸை அடுத்த பக்கம் திருப்பினாள்.

“டீச்சர் கோவமாத்தான் போனாங்க. அவங்க சமாதானமாயிருவாங்க. உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லியே?”

“காசி, அவருக்கு அந்தக் கேள்வி விளங்குச்சான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. சும்மா தூக்கிப் பாத்துருப்பாரு.”

“அய்ய, அதெல்லாம் இல்ல அண்ணி. அண்ணனுக்கு முன்னாடியே தெரியும்.” மூட்டையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான், தப்பாக ஒன்றும் சொல்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். “முந்தா நாள் நீங்க ரேஷன் கடைக்குப் போயிருந்தப்ப வந்தேன்ல. இந்த மாதிரி டீச்சர் எழுதிக் குடுத்துருக்காங்க அண்ணே, அதுல அண்ணி பேரும் இருக்கு, நீங்க என்ன நினைக்கிறீகன்னு கேட்டேன். பாத்துக்கிட்டே இருந்தாரு. அண்ணி பாட்டுக்குக் காலையில கிரவுண்டுக்கு வந்துட்டா உங்கள யாருண்ணே எந்திரிக்க வைப்பா, பல்லு வெளக்கி விடுவா, அவங்களும் மனுஷிதான, ஆட்டத்துல எறங்கிட்டா வீட்டு நெனப்பு இருக்குமான்னு தமாசுக்குத்தான் சொன்னேன். வேணாம்னாரு. தெளிவாச் சொன்னாரு அண்ணி. வேணாம், வேணாம்னு ரெண்டு தரம்.”

“தமாசுக்கு.”

“ஆமா, சும்மா ஒரு பேச்சுக்கு.” நிமிர்ந்து கோர்ட்டை ஒரு பார்வை பார்த்தான். “அந்த மூலையில இன்னும் கொஞ்சம் விடுங்க அண்ணி, புழுதி கெளம்புது.”

இன்னும் கொஞ்சம். அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது. தறிச் சத்தம் நின்றுபோனது மாதிரி இருந்தது. வேணாம் என்ற வார்த்தை அவருக்கு வரும் என்றே அவளுக்குத் தெரியாது. இத்தனை மாசமாக ஆ என்றும் ம் என்றும், அரைகுறையாக அவள் பேரும், தண்ணி என்பதும், அவ்வளவுதான் அவருடைய பேச்சு, ஒரு வார்த்தைக்கு அவள் எத்தனை நாள் காத்துக்கிடந்திருக்கிறாள், ஒரு வார்த்தை வந்தால் போன் போட்டு ஓசூரில் இருக்கிற மகனிடம் சொல்லியிருக்கிறாள், இந்த மனுஷன் தனக்கு வந்த புது வார்த்தையைக் கொண்டுபோய் இவனிடம் கொடுத்திருக்கிறார். புது வார்த்தையை அவள் இல்லாத நேரம் பார்த்து, எழும்பாத கையை அவள் கண் முன்னாலேயே. காசிராஜன் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தான், கோடு போட நூல் பிடிக்க ஒரு ஆள் வேணும், நீங்க ஒரு முனையைப் பிடிச்சுக்கிறீங்களா அண்ணி என்று. அவள் ஓஸைக் கீழே போட்டாள். விரலை எடுத்ததும் தண்ணீர் விசிறியை விட்டுவிட்டுக் கொளகொளவென்று கொட்டியது. குனிந்து அதை எடுத்துக் கோர்ட்டுக்கு நட்டநடுவில், நடுவில் நிற்கிறவள் நிற்கிற இடத்தில், கொண்டுபோய் வைத்தாள். நனைத்த மண்ணில் அவளுடைய செருப்புத் தடம் ஆழமாகப் பதிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நனைத்த மண்ணை மிதித்தாள்.

“அண்ணி? அண்ணி, என்ன செய்றீங்க? தண்ணி தேங்குது அண்ணி!”

அவள் பின்கதவு வழியாக வீட்டுக்குள் போனாள். பின்கட்டில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, அதைத் தாண்டிப் போனாள். ஜன்னல் அறையில் அவர் கம்பியை நல்ல கையால் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்துக்கொண்டிருந்தார், கண் வெளியே வந்துவிடும் போலிருந்தது. “தண்ணி,” என்றார். “தண்ணி. தண்ணி.” அவள் முக்காலியை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தாள். மாசக்கணக்காகத் தைலம் தேய்க்க உட்கார்ந்த அதே முக்காலி. முழங்காலும் முழங்காலும் இடித்தன. ஜன்னலுக்கு வெளியே காசிராஜன் ஓஸை எடுத்து ஓரத்தில் வீசுவதும், அது பாம்பு மாதிரி திரும்பிக் கோர்ட்டுக்கே தண்ணீரைத் தள்ளுவதும், அவன் இங்குமங்கும் ஓடுவதும் தெரிந்தது.

“தெரிஞ்சுதான் தூக்குனீங்களா?”

அவர் வெளியே பார்த்தார்.

“இங்க பாருங்க. என்னையப் பாருங்க. தெரிஞ்சுதான் தூக்குனீங்களா?”

பார்த்தார். டாக்டர் சொன்ன அந்த அர்த்தமில்லாத அழுகை வரும் என்று அவள் எதிர்பார்த்தாள், வந்தால் இன்றைக்கு ஒரு சொட்டுக்கூடத் துடைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. தலை மெதுவாக ஆடியது. ஆமாம் என்று.

“ஏன்?”

உதடு கோணியது. நாக்கு புரளப் பார்த்துத் திணறியது. வழக்கமாக அந்த இடத்தில் அவள் முந்திக்கொண்டு, டீயா, ஒண்ணுக்கா, காத்தாடி போடவா என்று வார்த்தையை எடுத்துக் கொடுப்பாள். இன்றைக்குக் கொடுக்கவில்லை. தேடட்டும். எவ்வளவு நேரமானாலும் தேடட்டும். வெளியே அண்ணி அண்ணி என்று கூப்பாடு. அவர் தேடினார், கழுத்து நரம்பு புடைத்தது, எச்சில் வழிந்தது.

“ப… பயம்,” என்றார்.

அவளுக்குள் ஏதோ கிளம்பியது. இரக்கம் என்று முதலில் நினைத்தாள், இல்லை, கோபம்தான், முன்னைவிடப் பெரிய கோபம். “எதுக்குப் பயம்? நான் எங்கிட்டுப் போயிருவேன்? சொல்லுங்க, எங்கிட்டுப் போயிருவேன்? இந்தா இந்தச் சுவத்துக்கு அங்கிட்டு ஒரு மணி நேரம். நீங்க அங்க கெடந்த நேரமெல்லாம் நான் இங்க ஒத்தையில கெடந்தேனே, புள்ளையும் நானுமா, எனக்குப் பயம் இல்லியா? ஒரு நாளாச்சும் போகாதீங்கன்னு சொல்லியிருப்பேனா? தண்ணிதான ஊத்துனேன்!” கத்திவிட்டாள். அடுத்த வீட்டில் மிக்சி நின்றது. கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் இப்படி ஒரு சத்தம் எழும்பியதில்லை. அவர் கண்ணை எடுக்கவில்லை, அதற்காக அவளுக்கு ஒரு ஓரத்தில் மதிப்பாகக்கூட இருந்தது, தலையைக் குனிந்துகொண்டு அழுதிருந்தால் அவளால் எதையும் கேட்டிருக்க முடியாது. கேட்கக் கேட்க மூச்சு இறங்கியது. கோபம் இறங்கவில்லை, மூச்சு மட்டும்.

எழுந்து போய் மோட்டாரை நிறுத்தினாள். அவர்களுக்காக இல்லை. போரில் காற்று வாங்குகிற சத்தம் கேட்டது, போர் அவளுடையது. பின்கதவைத் திறந்தபோது கோர்ட்டு முழுக்கத் தண்ணீர் நின்றது, சாய்ந்த வெயில் பட்டுப் பளபளத்தது, ஆட வந்த பையன்கள் பேட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு பேன்ட்டை மடித்துவிட்டபடி கரையில் நின்றார்கள். காசிராஜன் முழங்கால் வரைக்கும் சேறாக வந்தான்.

“என்னண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க? மூணு நாளைக்குக் கால் வைக்க முடியாது. ஞாயித்துக்கிழம மேட்சு. வெளியூர் டீமெல்லாம் வருது.”

“தெரியும். மண்ணு காய மூணு நாளாகும். அப்புறம் ரோலர் போடணும், ரோலர் போட மறுபடி தெளிக்கணும்.”

“தெளிப்பீங்கள்ல?” அவனுக்கு நிஜமாகவே பயம் வந்திருந்தது.

“காலையில ஆறுல இருந்து ஏழு. நானும் டீச்சரும் அந்தப் புள்ளைகளும் ஆடுவோம். அதுக்குச் சரின்னா தெளிப்பேன்.”

“கமிட்டில முடிவானதை நான் ஒருத்தன் எப்படி அண்ணி…”

“மறுபடி கூட்டுங்க. எதிர்த்துக் கை தூக்குறவங்க வீட்டுல இருந்து தண்ணியும் எடுத்துக்கங்க. என் வீட்டு ஓஸைச் சுருட்டிக் குடுத்துருங்க.”

கரையில் நின்ற பையன்களில் ஒருத்தன் சிரித்தான். நேற்று ஆதரித்துக் கை தூக்கியவன். காசிராஜன் திரும்பி முறைத்தான், அப்புறம் சேற்றைப் பார்த்தான், அப்புறம் ஜன்னலைப் பார்த்தான், அண்ணே என்று அங்கே முறையிடலாமா என்று யோசிப்பவன் போல. கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. “நாளைக்கே கூட்டுறேன்,” என்றான் கடைசியில், அவளைப் பார்க்காமல். “ஒரு மணி நேரம்தான. பேசிப் பாக்குறேன்.”

“பேசிப் பாக்காதீங்க. பேசிருங்க.”

கதவைச் சாத்திக்கொண்டு வந்து பால் வைத்தாள். டீத்தூள் மேடையில் சிந்தியது. ஜெயித்த மாதிரி இல்லை. நேற்று ஒரு நொடி வயிற்றுக்குள் துள்ளியதே, அது இன்றைக்கு வரவில்லை. மூன்று நாள் கழித்து அந்த மண்ணைச் சரிசெய்யப் போவதும் அவள்தான், பள்ளம் பள்ளமாகத் தெரியும், செருப்புத் தடமெல்லாம் காய்ந்து கல்லாகியிருக்கும், செதுக்கிச் செதுக்கி எடுக்க வேண்டும், நினைத்தாலே முதுகு வலித்தது. முப்பது வருஷத்தில் கால் எப்படி ஆகியிருக்கிறது என்பதும் தெரியாது, முதல் நாளே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடலாம், பந்துக்கு ஓடி முழங்கால் பிசகலாம், பார்க்கிறவன் சிரிக்கலாம். சிரிக்கட்டும். சிரித்துவிட்டுப் போகட்டும். காலையில் அவரை முன்னாடியே எழுப்பிப் பல் துலக்கிவிட்டு ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும், ஐந்து மணிக்கே எழுந்தாக வேண்டும், இதையெல்லாம் இப்போதே கணக்குப் போடுகிற மனசைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. டீயை ஆற்றினாள். டம்ளரை எடுத்துக்கொண்டு போய் முக்காலியில் உட்கார்ந்து அவர் உதட்டில் வைத்தாள், எப்போதும் போல ஒரு கை மோவாய்க்குக் கீழே. அவர் இரண்டு வாய் குடித்தார். மூன்றாவது வாய்க்குத் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சூடா என்று கேட்கவில்லை அவள். அவர் மறுபடி எதையோ தேடிக்கொண்டிருந்தார், நெற்றி சுருங்கியது, வலது கன்னம் தொங்கியபடியே இழுத்துக்கொண்டது, வெளியே ஈரமண்ணின் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. டம்ளரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

“நீ,” என்றார். நின்றார். “நீ… நல்லா… ஆடுவ.”

இந்திராணி அவரைப் பார்த்தாள். கண் எரிந்தது.

“அத நேத்துச் சொல்லியிருக்கணும்,” என்றாள். டம்ளரை அவருடைய வலது கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள், பிடி விழுந்ததா என்று பார்த்துக்கொண்டு விட்டாள். பிறகு எழுந்து, ஜெசிந்தா டீச்சருக்குப் போன் போடப் போனாள்.